வீட்டுத் தோட்டத்தில் காரட்

உதகையிலும் கொடைக்கானலிலும் விளைந்து மூட்டை மூட்டையாகக் கீழே இறங்குகிற காரட்டையே கண்டு பழகியவர்கள், அது மலைக்கே உரிய பயிர் என்றும், சமவெளியில் குடியிருப்பவர்களுக்கு அதைக் கடையில் வாங்குவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை என்றும் எண்ணுவது சகஜமே. ஆயினும் பருவம் அறிந்து விதைத்து, மண்ணைப் பக்குவப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு, கொல்லைப்புறத்துப் பாத்தியிலும் மொட்டைமாடித் தொட்டியிலும்கூட அது ஓரளவு பலன் தரும்.

கொத்துமல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது காரட். அதன் தழையைக் கசக்கி முகர்ந்து பார்த்தால் அந்த உறவு உடனே விளங்கும். ஐரோப்பிய வகைகள் ஈராண்டுத் தாவரங்கள். முதலாண்டில் இலைகள் தயாரிக்கும் சர்க்கரையை ஆணிவேரில் சேமித்து வைத்து, குளிர்காலம் கழிந்தபின் அந்தச் சேமிப்பைச் செலவிட்டுப் பூத்துக் காய்ப்பது அவற்றின் சுபாவம். பூக்கும் முன்பே நாம் குறுக்கிட்டு அந்தச் சேமிப்பைப் பறித்துக்கொள்கிறோம். காரட் சாகுபடி என்பது இவ்வளவுதான்.

முளைத்த முதல் சில வாரங்களில் நூல் போன்ற வேர் நேர்கீழே இறங்கித் தன் நீளத்தைத் தீர்மானித்துக்கொள்கிறது, பருப்பது பிறகுதான். இறங்கும்போது அதன் நுனி ஒரு கல்லிலோ இறுகிய மண்கட்டியிலோ முட்டி அடிபட்டால், வேர் இரண்டாகவும் மூன்றாகவும் கிளைத்துக் கோணிப்போகும். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஆகையால் பாத்தியை ஓரடி ஆழத்துக்குக் கொத்திக் கல், வேர்த்துண்டு முதலியவற்றைப் பொறுக்கி அகற்றி, களிமண்ணாயின் மணலும் நன்கு மக்கிய எருவும் கலந்து பொலபொலப்பாக்க வேண்டும். மக்காத சாணத்தை இட்டால் வேர் கிளைக்கும். தழைச்சத்து மிஞ்சினால் இலை செழிக்குமேயன்றி கிழங்கு திரளாது.

சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே விதைப்புக்கு உகந்தவை. அரை அங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில், வரிசையாக, மணலோடு கலந்து தூவுவது நல்லது. விதை மிகச் சிறியது. முளைக்க ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை பிடிக்கும். அதுவரை மேல்மண் காய்ந்து பொறுக்குத் தட்டாதபடி பூவாளியால் மெல்லத் தெளித்துவர வேண்டும். ஈரச் சாக்கால் மூடி வைத்து, முளை தெரிந்தவுடன் எடுத்துவிடுவதும் உண்டு.

செடிகள் இரண்டங்குலம் உயர்ந்ததும், ஒன்றுக்கொன்று இரண்டங்குல இடைவெளி இருக்கும்படி மிகுதியானவற்றைக் களைந்துவிடுவது, புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு மனம் ஒப்பாத காரியம். நெருக்கத்தில் விட்டுவைத்த செடிகளோ எல்லாமே எலிவாலாக முடியும். பாத்தியை நெடுநாள் காயவிட்டுத் திடீரென்று வெள்ளம் பாய்ச்சினால் கிழங்கு வெடித்துவிடுமாதலால், நீர் கிரமமாகக் கிடைக்க வேண்டும். கிழங்கின் தோள் வெளியே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சையாகும்; மண் அணைத்துவிடுக.

நிறம் திரள்வதற்கு 15 முதல் 20 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் சிலாக்கியம். வெயில் மிகுந்தால் கிழங்கு குட்டையாகவும் வெளிறியும் போகும். ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான காரோட்டினை 1831-ஆம் ஆண்டில் வாக்கன்ரோடர் என்னும் ஜெர்மானியர் இக்கிழங்கிலிருந்தே பிரித்தெடுத்தார். வட இந்தியச் செங்காரட் ஆசிய வகை. உஷ்ணத்தை அது சற்று அதிகமாகத் தாங்கும். தொட்டியில் வளர்ப்போர், குட்டையாகக் கூம்பு வடிவில் விளையும் ஷாந்தனே போன்ற வகையைத் தேர்ந்தெடுப்பது உத்தமம். விதைத்த மூன்று, மூன்றரை மாதத்தில், ஈர மண்ணில் தழையின் அடியைப் பற்றிப் பிடுங்கலாம்.

சமையலறையில் நறுக்கிய காரட்டின் தலையைத் தட்டு நீரில் வைத்தால் தளிர் விடுவதைக் கண்டு, அதை நட்டாலே கிழங்கு கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். எஞ்சிய சேமிப்பைச் செலவழித்துத் தழையும் பூவும் தருவதன்றி, அறுபட்ட வேர் மறுபடி கிழங்காவதில்லை. ஒவ்வொரு காரட்டுக்கும் ஒரு புது விதையே ஆதாரம்.