புறா வடிவில் ஒரு போர்க்கப்பல்!

குட்டீஸ்... புறா வடிவில் ஒரு கப்பல் கடலில் மிதந்து வந்தால் எப்படி இருக்கும்? எழுத்தாளர் சாண்டில்யன், 'கடல் புறா' என்ற நாவலில் அப்படியொரு போர்க்கப்பலை மிதக்க விட்டார். அதன் தலைவன் இளையபல்லவன். அவன் விரும்பும் பெண், கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி.

இந்தக் கப்பலும் காதலும் கற்பனைதான். ஆனால், இளையபல்லவனாக வரும் கருணாகரத் தொண்டைமான் நிஜ வீரர்! முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவர். இவரது கலிங்கப் போர் வெற்றியைத்தான் 'கலிங்கத்துப்பரணி' பாடுகிறது.

கடாரமும் நிஜம்தான், மலேசியாவின் இன்றைய கெடா பகுதி அது. 1025-ல் ராஜேந்திர சோழனின் கடற்படை அதைத் தாக்கியது. என்ஜின் இல்லாத காலம்! பாய் விரித்து, பருவக்காற்றை நம்பித்தான் மாலுமிகள் கடல் கடந்தனர்.

இனி சரித்திரக் கதை படிக்கும்போது, எது வரலாறு, எது கற்பனை என்று தேடிப் பாருங்கள். கதையின் சுவை இரட்டிப்பாகும்!