வீடு தேடி வரும் வெளிநாட்டு மொழி

"பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்துவிடு, மார்க்கை அள்ளலாம்!" — பட்டணத்து வீடுகளில் ஜூன் மாதம் பிறந்தால் இந்த யோசனை காதில் விழாமல் இருப்பதில்லை. பெண்ணும் எடுக்கிறாள், நல்ல மார்க்கும் வாங்கிவிடுகிறாள். பரீட்சை முடிந்த மறு மாதம் ஒரு பிரெஞ்சுக்காரர் வாசலில் வந்து நின்று வழி கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிக்கிறாள். இரண்டு வருஷம் படித்த பாஷை எங்கே போயிற்று?

குற்றம் பெண்ணிடம் இல்லை, சகோதரிகளே! பாஷையைக் கண்ணுக்குக் கொடுத்தோம். காதுக்கும் நாக்குக்கும் கொடுக்கவில்லை. அதை எப்படிக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், கொஞ்சம் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு என்னோடு நீலகிரிக்கு வாருங்கள்.

மலை மேல் மூன்று மொழி

உதகைக்கு அப்பால், எமரால்டு பக்கத்தில் இத்தலார் இருக்கிறது. தேயிலையும் காரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற படுகர் ஊர். அங்கே ஒரு குழந்தை பாட்டியின் மடியில் கேட்பது படுக மொழி. பள்ளிக்கூடத்தில் காலடி வைத்ததும் தமிழ். அதன் பின்னாலேயே ஆங்கிலம். பட்டணத்துக் குழந்தை இரண்டு மொழியோடு தடுமாறும் வயதில், இந்தக் குழந்தை மூன்றோடு ஓடி விளையாடுகிறது. இதற்காக யாரும் அதற்குப் பரிசு கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம்!

படுக மொழிக்குச் சொந்த எழுத்து இல்லை. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 1,33,000 பேர்தான். ஆனாலும் ஒரு காலத்தில் அதுதான் நீலகிரியின் பொது மொழி. தோடர் எருமை மேய்த்து நெய் கொடுத்தார்கள். கோத்தர் மண்பானையும் இரும்புச் சாமானும் செய்து கொடுத்தார்கள். படுகர் தானியம் கொடுத்தார்கள். கொடுக்கல் வாங்கலோடு ஒருவர் பேச்சை ஒருவர் கற்றுக்கொண்டார்கள். இலக்கணப் புத்தகம் ஏது? பரீட்சை ஏது?

கனடாவில் பிறந்த எமனோ என்ற மொழி அறிஞர் 1935-ல் இந்தியாவுக்கு வந்தார். மூன்று வருஷம் போல் தங்கி, தோடர், கோத்தர் மொழிகளைக் கற்றார். அவருக்கும் பாடப் புத்தகம் கிடையாது. அவர் செய்த காரியம் வெகு எளிது. ஆங்கிலம் தெரிந்த சுல்லி என்ற கோத்தரை உட்கார வைத்துக் கதை சொல்லச் சொன்னார். கேட்டார், எழுதினார், திரும்பச் சொன்னார். அந்தக் கதைகள் 1944-ல் புத்தகமாக வெளிவரத் தொடங்கின. கதை கேட்டால் மொழி வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பாலும் ஹாலும்

இத்தலார்க் குழந்தைக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. நாம் 'பால்' என்பதைப் படுகர் வீட்டில் 'ஹாலு' என்பார்கள். பத்து அங்கே ஹத்து; பட்டி அங்கே ஹட்டி. நம் 'ப' அவர்களிடம் 'ஹ' ஆகிறது. இந்த ரகசியம் பிடிபட்ட குழந்தைக்கு உலகமே வசப்படும்.

எப்படி என்கிறீர்களா? பிரெஞ்சில் அப்பாவுக்குப் 'பேர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. பாதம் அங்கே 'பியே', இங்கே 'ஃபுட்'. மீன் அங்கே 'புவாஸோன்', இங்கே 'ஃபிஷ்'. அதே மாதிரி ஒரு கணக்குத்தான்! ஜெர்மனுக்குப் போனால் ஆங்கில 'வாட்டர்' 'வாஸர்' ஆகிறது. 'பெட்டர்' 'பெஸர்' ஆகிறது. ஜப்பானியர் தங்கள் தேசத்தை 'நிப்பொன்' என்றும் சொல்வார்கள், 'நிஹோன்' என்றும் சொல்வார்கள். பாலும் ஹாலும் அங்கேயும் வந்துவிட்டன, பார்த்தீர்களா?

தமிழ்க் குழந்தைக்கு ஜப்பான் மொழியில் இன்னும் ஒரு சௌகரியம். 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதை 'வதாஷிவா கக்கோ-எ இகிமாஸ்' என்கிறார்கள். சொற்களின் வரிசை அப்படியே நம்முடையது. 'க்கு' இருக்கும் இடத்தில் ஓர் 'எ'; வினைச்சொல் கடைசியில். ஆங்கிலம் வழியாகப் போய்த் தலைகீழாக மாற்றுவானேன்? தமிழிலிருந்து நேரே தாவலாமே!

செல்போனுக்குள் உபாத்தியாயர்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 1968 முதல் தமிழும் ஆங்கிலமும் என்ற இரு மொழிக் கொள்கை நடந்து வருகிறது. ஆகவே பிரெஞ்சு, ஜெர்மன் வகுப்பெல்லாம் பெரும்பாலும் சில தனியார் பள்ளிகளின் சொத்து. சென்னைக்காரர்களுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ் உண்டு, மாக்ஸ் முல்லர் பவன் உண்டு. இத்தலாரில் இருப்பவர்கள் என்ன செய்வது? இங்கேதான் இணையம் கை கொடுக்கிறது. மலையிலும் பட்டணத்திலும் அதன் வாசல் ஒன்றே. கீழே சொல்பவற்றுக்குச் சம்பளமும் கேட்பதில்லை.

தொடர்கதை என்றால் உங்களுக்கு உயிர் அல்லவா? ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல, 'நிக்கோஸ் வேக்' என்று ஒரு தொடர்கதையைப் படமாகவே எடுத்து வைத்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கும் நிக்கோ தன் பையைத் தொலைத்துவிட்டுத் தவிப்பதில் கதை ஆரம்பம். அவனோடு சேர்ந்து நாமும் ஜெர்மன் படிக்கிறோம். ஜப்பான் பவுண்டேஷன், ஜப்பானியப் பள்ளியில் சேரும் வெளிநாட்டு மாணவி எரினின் கதையைத் தந்திருக்கிறது. பிரெஞ்சுக்கு டிவி5மோந்த் நிறுவனத்தின் சின்னச் சின்னப் படங்கள், படிப்படியாகத் தரம் பிரித்து, பயிற்சியோடு கிடைக்கின்றன.

ஒரு சொல்லை அந்த நாட்டார் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று சந்தேகமா? ஃபோர்வோவில் அவர்கள் வாயாலேயே கேட்கலாம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் படக்கதைகள் பல மொழிகளில் இருக்கின்றன. ஒரே கதையை முதலில் தமிழில் படியுங்கள். பிறகு அதையே பிரெஞ்சில் பாருங்கள். கதை தெரிந்திருப்பதால் அகராதி தேட வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும்.

அம்மா செய்ய வேண்டியது

"எனக்கே அந்தப் பாஷை தெரியாதே!" என்று கவலைப்படுகிறீர்களா? தெரியாமல் இருப்பதுதான் நல்லது! குழந்தையை உபாத்தியாயர் ஆக்கிவிட்டு நீங்கள் மாணவி ஆகிவிடலாம்.

தினம் பதினைந்து நிமிஷம் போதும். காதில் மாட்டும் கருவி வேண்டாம். அடுக்களை வரை சத்தம் வரட்டும். முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேட்கட்டும். இரண்டாம் தடவை கூடவே சொல்லட்டும். மூன்றாவதாக, கேட்டதை உங்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். பிறகு ஐந்தே சொற்களை உங்களுக்குக் கற்பிக்கட்டும். உப்பு, தண்ணீர், பால், கதவு, நன்றி — இவை போதும். சாப்பாட்டு வேளையில் அந்த ஐந்தையும் அந்த மொழியிலேயே கேளுங்கள். நீங்கள் தப்பாகச் சொன்னால் திருத்துவதில் குழந்தைக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதைப் பாருங்கள்!

பள்ளிக்கூடத்து உபாத்தியாயினிகளுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் எத்தனை வீட்டு மொழிகள் இருக்கின்றன என்று ஒரு நாள் கேளுங்கள். 'பால்' என்பதை ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டில் சொல்வது போலச் சொல்லட்டும். கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லையும் எழுதுங்கள். வாயே திறக்காத குழந்தை அன்றைக்கு வாய் திறக்கும்.

ஜாக்கிரதை வேண்டியதும் உண்டு. செல்போனைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். ஒரு படம் முடிந்தவுடன் அடுத்தது தானே ஓட ஆரம்பித்தால் பாடம் போய்ப் பொழுதுபோக்கு வந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஜாக்கிரதை ஒன்று. "வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டுத் தாய்மொழியை வாசலுக்கு வெளியே தள்ளிவிடாதீர்கள். யுனெஸ்கோவின் உலக மொழி வரைபடம் படுக மொழியை ஆபத்தில் இருக்கும் மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. புத்தகம் அதிகம் இல்லாத பாஷை பாட்டியின் வாயில்தான் வாழ வேண்டும்; அதைக் கேட்கப் பேரன் பேத்தி இல்லாவிட்டால் அதற்குப் போக்கிடம் ஏது? பாலை விட்டுவிட்ட குழந்தைக்கு ஹாலும் புரியாது, 'புவாஸோன்' மீனாகவும் மாறாது. வீட்டு மொழி நன்றாக ஊன்றினால்தான் அடுத்த மொழி அதன் தோளில் ஏறும்.

ஆகவே, பிரெஞ்சோ ஜப்பான் மொழியோ தாராளமாக வரட்டும். நிக்கோ பையைத் தேடி அலைகிற கதையை இன்று ராத்திரி குழந்தையோடு உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு முடித்ததும் அந்தக் கதையைப் பாட்டிக்கு அவர் பாஷையிலேயே சொல்லச் சொல்லுங்கள்!