திட்டு வாங்கும் உடம்பு

கிழங்கு சீசனில் சேலம் மாவட்டம் கெங்கவல்லிப் பக்கம் வந்து பாருங்கள். ஆத்தூர் ரோட்டில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது; உள்ளே கருத்துவிடும். அதனால் பிடுங்குகிறவர், ஏற்றுகிறவர், சேகோ மில்லில் தோல் சீவுகிறவர், அரைக்கிறவர், களத்தில் மாவு காய வைக்கிறவர் எல்லாருமே ஓட்டமும் நடையும்தான். அந்த அவசரத்தில் கைக்கு முன்னால் வாய் ஓடும். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்பதெல்லாம் வசவுக் கணக்கிலேயே வராது. அதற்கு மேல் போவதுதான் வசவு.

2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாருக்கும் பெருமை. அந்த வெள்ளை மணிக்குப் பின்னால் இருக்கும் வேலைக்கூட்டங்களின் உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போது தூசி, ஈரம், இடுப்புவலி, மெஷினில் கை மாட்டுவது என்று பேசுகிறோம். ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

என் வயிற்றெரிச்சல் கதை

நான் முதன்முதலில் வேலைக்குப் போனது ஒரு மில்லின் கணக்கு அறைக்கு. பெயர் வேண்டாம். கிழங்கின் மாவுச்சத்தைப் பார்த்து 'பாயிண்ட்' போட்டு, அதற்குத் தகுந்த விலை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருநாள் ஒரு விவசாயியின் லோடுக்கு 28 பாயிண்ட் என்பது 26 என்று பதிவாகிவிட்டது. எழுதியவர் முதலாளியின் மச்சான். பார்த்தது புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். அவன் என்னிடம் சொன்னான். நான் "பேசாம இரு" என்றேன். மூன்றாம் நாள் விவசாயி சண்டைக்கு வந்தார். எல்லாரும் திட்டு வாங்கினோம், மச்சானைத் தவிர. பையன் அந்த வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டான்.

அங்கே இருந்த இரண்டு வருடமும் எனக்கு ஓயாத வயிற்றெரிச்சல். ஆத்தூரில் பார்த்த டாக்டர் எத்தனை டீ குடிக்கிறாய், காரம் அதிகமா, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்றெல்லாம் கேட்டார். நல்ல மனிதர். யாரோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது வைத்தியத்தோடு சேர்ந்தது என்றே எனக்குத் தெரியாது. வேலை மாறிய சில மாதத்தில் எரிச்சல் அடங்கியது. டீயைக் குறைக்கவே இல்லை.

உடம்பு எழுதி வைக்கும் கணக்கு

ஒருவர் நம்மைப் பலர் முன்னால் அவமானப்படுத்தும்போது, பாம்பைக் கண்டதுபோலத்தான் உடம்பு நடந்துகொள்கிறது. அட்ரினலின் ஏறுகிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் கூடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கார்ட்டிசால் என்ற சுரப்பு வந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி வைக்கிறது. பாம்பு போய்விட்டால் எல்லாம் இறங்கிவிடும். பக்கத்து நாற்காலியிலேயே தினமும் உட்கார்ந்திருக்கிற பாம்பு எப்படிப் போகும்? மேஸ்திரியின் பைக் சத்தம் கேட்டாலே வயிறு பிசைவதும், ஞாயிறு சாயந்திரமே தலை கனப்பதும் இதனால்தான். பிறகு தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் கை தவறும். தவறினால் மறுபடி திட்டு. நடுவில் ஹான்ஸ், பீடி, டாஸ்மாக் வந்து சேரும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாத்திரை ஒழுங்காகப் போட்டும் அளவு இறங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கிலாந்து அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வுகள் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. முதலாவது 1967-ல் தொடங்கியது, இரண்டாவது 1985-ல். எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள், யாருக்கும் பட்டினி இல்லை. ஆனாலும் பதவிப் படியில் கீழே போகப் போக இதய நோய் அதிகமாக இருந்தது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதும், தன்னை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் மீதிக் கணக்கில் வந்தன. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2022-ல் சொல்லின. கெங்கவல்லியில் யாரும் இப்படி லீவு எழுதிக் கொடுப்பதில்லை. 'உடம்பு சரியில்லை' என்று ஒரு போன், அவ்வளவுதான்.

சண்டை வேறு, இது வேறு

வேலை செய்கிற இடத்தில் சண்டை வரத்தான் செய்யும். சண்டை போட்டு, மறுநாள் ஒரே டீக்கடையில் நிற்கிற கூட்டம் ஆரோக்கியமான கூட்டம். இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொன்னவர் சுவீடனில் வேலை செய்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமான். வாரத்துக்கு ஒரு முறையாவது, ஆறு மாதம் போல, ஒரே ஆளைக் குறிவைத்து நடந்தால்தான் அதைத் துன்புறுத்தல் என்று அவர் எண்ணினார். 45 வகை நடத்தைகளை அவர் பட்டியல் போட்டு வைத்திருந்தார்.

நம் ஊருக்குப் பட்டியல் போட்டால் அது வேறு மாதிரி இருக்கும். ஒருவரிடம் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவது. வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் சொல்லாமல் குத்துவது. பட்டப்பெயர். முதலாளி காதில் ஓதுவது, போட்டுக் கொடுப்பது. லீவு கேட்டால் "உன் வீட்ல மட்டும் எப்பப் பாரு என்னடா" என்பது. களத்தில் வெயில் ஏறும் வேலையை எப்போதும் அதே இரண்டு பெண்களுக்குத் தள்ளுவது. எல்லாருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ, ஒருவருக்கு மட்டும் பேப்பர் கப். கடைசியில் சொன்னதை 'நடத்தைக் கோளாறு' என்று மென்மையாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. சாதி பார்த்து அப்படிச் செய்தால் அது குற்றம். 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரக்கூடியது.

இன்னொரு சிக்கல், நம் முறை வார்த்தைகள். மில்லில், போர்வெல் ரிக் வண்டியில், ஜவுளிக் கடையில், கரும்பு வெட்டும் ஆட்களில் எல்லாரும் அண்ணன், மாமா, சித்தப்பா, அக்கா. பாதிப் பேர் நிஜமாகவே சொந்தம். வேறு ஊரில் நல்லதொரு அணைப்பாக இருக்கும் இந்த வார்த்தைகள், இங்கே சில சமயம் வாயை அடைக்கும் துணியாகிவிடுகின்றன. "மாமன்தானே திட்டினார், விடு" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அடுத்த முகூர்த்தத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார வேண்டுமே என்று எல்லாரும் முழுங்கிக்கொள்கிறோம்.

தப்பு எவ்வளவு நேரத்தில் மேலே போகிறது?

ஒரு வேலைக்கூட்டத்துக்கு நாடி பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: நடந்த தப்பு எவ்வளவு நேரத்தில் மேலே போய்ச் சேருகிறது?

இதை ஆராய்ச்சியாகச் செய்து காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன். 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை எண்ணப் போனார். ஒற்றுமையாக வேலை செய்யும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவரும் நினைத்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல வார்டுகளில் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. விசாரித்துப் பார்த்தால், அங்கே நர்ஸ்கள் பயப்படாமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். பிறகு 1999-ல் ஒரு தொழிற்சாலையின் 51 குழுக்களைப் பார்த்து, பயமில்லாமல் பேச முடிகிற குழுவே கற்றுக்கொள்கிறது என்று எழுதினார். எங்கள் மில்லில் அந்தப் பையனை நான் வாய் திறக்க விட்டிருந்தால் விவசாயி மூன்று நாள் ஏமாந்திருக்க மாட்டார். இதே கதை ஒரு பெல்ட் சத்தம் போடும்போதோ, கரண்ட் வயர் உரிந்திருக்கும்போதோ நடந்தால் போவது பணம் மட்டுமா?

உங்கள் கூட்டத்தைச் சோதிக்க வேண்டுமானால் கேள்விகளை எளிதாக வையுங்கள். போன மாதம் உன் தப்பை நீயே போய்ச் சொன்னாயா? சொன்னபோது என்ன கிடைத்தது, வழியா, வசவா? தெரியாததைக் கேட்டால் சிரிக்கிறார்களா? உன்னை விட்டுவிட்டு மற்றவர்கள் கூடிப் பேசுவது வழக்கமாக இருக்கிறதா? காலையில் கிளம்பும்போது வயிறு கலங்குகிறதா? மேஸ்திரியோ மேனேஜரோ கேட்டால் எல்லாரும் "நல்லாத்தான் இருக்குதுங்க" என்பார்கள். அதனால் கேட்கிற ஆள் வெளியாளாக இருக்கட்டும்; பெயர் எழுத வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் இருந்தால் கைக்கு ஒரு புளியங்கொட்டையும் ஒரு கூழாங்கல்லும் கொடுங்கள். கேள்விக்கு 'ஆமா' என்றால் கொட்டை, 'இல்லை' என்றால் கல். மூடிய பானைக்குள் கையை விட்டுப் போட்டுவிட்டு வரட்டும். பிறகு எல்லார் முன்னாலும் கொட்டி எண்ணுங்கள். பத்துப் பேர் கூட்டத்தில் மூன்று கேள்விக்கு இப்படி எண்ணினாலே தெரிந்துவிடும்.

திண்டுக்கல்லில் செய்து பார்த்தது

'இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, நம்மூருக்கு ஒத்து வராது' என்பவர்களுக்கு ஒரு செய்தி. திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் என்ற ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த ஒரு தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அந்தப் பெண் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது; அது பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம். 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமை நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், அந்தச் சங்கத்தோடும் ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளோடும் ஒப்பந்தம் போட்டது. துணி வாங்கும் எச் அண்டு எம் போன்ற நிறுவனங்களும் சட்டப்படி அதற்குக் கட்டுப்பட்டன. இதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம்.

அதில் என்னை ஈர்த்தது ஒரு சின்ன ஏற்பாடு. குறைந்தது 25 பேருக்கு ஒருவர் வீதம், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்து பயிற்சி கொடுத்தது. மேற்பார்வையாளர் திட்டினால், தொட்டால், கழிப்பறைக்குப் போக விடாவிட்டால் அவர்களிடம் சொல்லலாம். சொன்னவரைப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம். முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். 'இத்தனை புகாரா' என்று முகம் சுளிப்பவர்கள் எட்மண்ட்சனின் வார்டை நினைத்துக்கொள்ளட்டும். புகாரே வராத ஆலையைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

கெங்கவல்லி அளவில் என்ன முடியும்

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒப்பந்தமும் கமிட்டியும் வேண்டியதில்லை. ஆனால் முதலாளி ஒரு வார்த்தை சொல்லலாம்: "தப்பை முதலில் வந்து சொல்பவருக்கு இங்கே திட்டு கிடையாது." சொன்னால் போதாது, அடுத்த தப்பு வரும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் காப்பாற்ற வேண்டும். ஒரு முறை மீறினால் ஒரு வருடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கண்டிக்க வேண்டியிருந்தால் தனியாக அழைத்துக் கண்டிக்கலாம். வெயில் வேலை, ராத்திரி ஷிப்ட், கழுவும் வேலை மூன்றையும் முறை வைத்து மாற்றலாம். கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: வேலையாட்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்துவிட்டது. நாள் முழுக்க நிற்க வைத்துவிட்டு 'முகத்தைச் சிரிச்ச மாதிரி வை' என்பதும் ஒரு கொடுமைதான்.

கூட வேலை செய்கிறவர்கள் வீரவசனம் பேச வேண்டாம். "அண்ணே, வேலையச் சொல்லுங்க, வீட்ட இழுக்காதீங்க" என்று ஒருவர் சொன்னால் போதும். அதையும் திட்டு வாங்குபவர் சொல்வதைவிடப் பக்கத்தில் நிற்பவர் சொன்னால் எடுபடும். அன்றைக்கு அந்தப் பையனிடம் "பேசாம இரு" என்று சொன்ன எனக்கு இது தாமதமாகத்தான் விளங்கியது.

மேஸ்திரிகளையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்லிவிட முடியாது. அவருக்கு மேலே ஒருவர் போனில் கத்திக்கொண்டிருப்பார். நல்ல வேலைக்காரர் என்பதற்காகவே மேஸ்திரி ஆக்கப்பட்டவர். ஆட்களை எப்படி நடத்துவது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. தன் மேஸ்திரி தன்னிடம் பேசியதைத்தான் அவர் திருப்பிப் பேசுகிறார்.

பேசித் தீராவிட்டால்

பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் பேச்சுவார்த்தையில் காலம் கடத்த வேண்டாம். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம் என்றாலும், புகாரே முதலாளி மீது என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர் புகார்க் குழுவிடம் போகலாம். வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்; எழுத முடியாதவருக்கு எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. பெண்கள் உதவி எண் 181.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது 'மனசு சரியில்லை' என்று விட்டுவிடக்கூடியது அல்ல. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. செத்துப்போகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றைக்கே பேசுங்கள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் பி.பி. பார்க்க வீட்டுக்கு வரும்போதோ, அடுத்த முறை நீங்கள் ஆஸ்பத்திரி போகும்போதோ, உப்பு எவ்வளவு, டீ எவ்வளவு என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காவிட்டாலும், எங்கே வேலை, யாரோடு வேலை, அங்கே உங்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.