சாலைக்கு இட்ட உப்பு எங்கே போகிறது?

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். குளிர்நாடுகளில் பனிக்காலச் சாலைகளுக்கும் உப்பு வேண்டியிருக்கிறது. உறைந்த சாலை கண்ணாடிபோல் வழுக்கும். வாகனங்கள் மோதிக்கொள்ளும், முதியவர்கள் நடைபாதையில் விழுந்து எலும்பு முறியும், ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆகவே ஊர் நிர்வாகங்கள் சாலைகளில் உப்பைத் தூவுகின்றன. ஆனால், பனி உருகிய பிறகு அந்த உப்பு என்ன ஆகிறது? இக்கேள்வியை எதிர்கொண்ட ஊர்களுள் ஒன்று அமெரிக்காவின் லேக் பிளாசிட்.

நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைப்பகுதியில் உள்ள இச்சிற்றூர், 1932, 1980 ஆகிய ஆண்டுகளில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய பெருமையுடையது. சுற்றுப்பயணிகளை நம்பி வாழும் ஊர் இது. அதன் கடைத்தெரு, மிரர் ஏரியின் கரையை ஒட்டியே அமைந்துள்ளது. சாலை வழுக்கினாலும் ஊருக்கு நட்டம். ஏரி கெட்டாலும் நட்டம்.

ஏரிக்கு நேர்ந்தது

உப்பு கலந்த நீர், 0 டிகிரி செல்சியசுக்கும் கீழான வெப்பநிலையில்தான் உறையும். உப்பு பனியை இளக்குவது இதனால்தான். ஆனால், உப்பு மக்கி மறையும் பொருளன்று. உருகிய நீரோடு வடிகால் வழியே அது ஏரியை அடைகிறது.

இத்தகைய ஏரிகளின் நீர் பொதுவாக வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மேலும் கீழுமாகப் புரண்டு கலக்கும். மேல்மட்டத்தின் உயிர்வளி அடிமட்டத்துக்குச் செல்வது அப்போதுதான். உப்புநீரோ கனமானது. அது அடியில் தங்கிவிட்டால் இந்தக் கலப்பு தடைபடும். 2017ஆம் ஆண்டு வசந்தத்தில் மிரர் ஏரி முழுமையாகக் கலக்கவில்லை என்றும், சாலை உப்பே அதற்குக் காரணம் என்றும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஏரியில் வாழும் ட்ரவுட் மீனுக்குக் குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த நீர் தேவை. கோடையில் மேல்நீர் சூடாகிவிடும். அடிநீரிலோ உயிர்வளி இராது. இடையில் அதற்கு மிஞ்சும் இடம் சுருங்கிப்போகும்.

பாதிப்பு ஏரியோடு நிற்பதில்லை. அப்பகுதியின் சாலையோரக் கிணறுகள் சிலவற்றின் குடிநீரிலும் உப்பு ஏறியுள்ளது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கவலைக்குரியது. உப்புநீர் குழாய்களையும் வாகனங்களின் இரும்பையும் அரிக்கும்.

மாற்று வழி உண்டா?

மணல் தூவலாம். அது பிடிமானம் தரும், பனியை உருக்காது. மழையில் அடித்துச் செல்லப்பட்டு ஓடைகளைத் தூர்க்கும். பீட்ரூட் வகைச் சாறு கலந்த கரைசல்களும் உள்ளன. அவை நீரில் மக்கும்போது உயிர்வளியைக் குடித்துவிடும். முழுக்கத் தீங்கற்ற மாற்று எதுவும் இல்லை என்பதால், உப்பை அளந்து இடுவதே அறிவுடைமை.

பனி பெய்வதற்கு முன்பே ஏறத்தாழ 23 விழுக்காட்டு உப்புக் கரைசலைச் சாலையில் தெளித்தால், பனி தரையோடு ஒட்டாது. உலர்ந்த உப்பைப் போல் அது துள்ளிச் சிதறி வீணாவதும் இல்லை. சாலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அசையும் துண்டுத்துண்டான அலகுகள் பொருத்திய வண்டிகள், பனியை நன்கு வழித்தெடுக்கும். மிச்சத்துக்குச் சிறிதளவு உப்பு போதும். குளிர் ஏறத்தாழ -9 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண உப்பு மிக மெதுவாகவே வேலை செய்யும். அந்நேரத்தில் மேலும் மேலும் கொட்டுவது பணத்தை ஏரியில் கொட்டுவதற்குச் சமம்.

லேக் பிளாசிட்டிலும் உப்பைக் குறைக்கும் முயற்சிகள் தொடங்கின. 2020 டிசம்பரில் மாநில அரசு, அடிரொண்டாக் பகுதியில் சாலை உப்பைக் குறைக்கும் வழிகளை ஆராயச் சட்டம் இயற்றியது. இதற்காகப் பாடுபட்ட, காலஞ்சென்ற உள்ளூர்த் தலைவர் ரேண்டி பிரஸ்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆய்வுக் குழுவின் அறிக்கை 2023இல் வெளிவந்தது.

சட்டமும் இயந்திரமும் மட்டும் போதா. பனி பெய்த மறுகணமே கருஞ்சாலை தெரியவேண்டும் என்று மக்கள் எதிர்பார்க்கும்வரை உப்பு குறையாது. பனிக்கால டயர் பொருத்துவது, வேகத்தைக் குறைப்பது, வீட்டு வாசலில் முதலில் பனியை வாரிவிட்டுப் பிறகு ஒரு கையளவு உப்பு மட்டும் தூவுவது ஆகியவை எவராலும் இயலும். மருத்துவமனைச் சாலைக்கும் செங்குத்தான மேட்டுக்கும் உப்பு இருக்கட்டும். ஓட்டுநர் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டால், மற்ற இடங்களில் அதன் தேவை குறையும்.