பங்கோர் தீவில் பதினொரு குடும்பங்கள்



“கடைசியா எப்போ லீவு எடுத்தீங்க?” என்று போகிற தோட்டத்தில் எல்லாம் கேட்பது நமது வழக்கம். வருகிற பதில் பெரும்பாலும் மூன்றுதான். சாவு, கல்யாணம், காய்ச்சல். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாலு இடம் பார்த்து வர லீவு எடுத்தேன் என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நமது மலாக்காவுக்கு ஒரு பெருமை உண்டு. இந்த நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டம் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தோன்றியது. டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் போட்ட தோட்டம் அது. அன்று தொடங்கிய பால்மரத்து வேலை, பிறகு செம்பனை வேலையாக மாறி இன்றைக்கும் நடக்கிறது. இத்தனை தலைமுறையாக வேலை செய்யத் தெரிந்துகொண்ட நாம், ஓய்வு எடுக்கத் தெரிந்துகொண்டோமா? அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

கதை மெர்லிமாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் தொடங்கியது. சங்கக் கூட்டம் முடிந்து பசியாறிக்கொண்டிருந்தோம். பழம் வெட்டும் தம்பி ஒருவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். என்ன என்று கேட்டோம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘விடுமுறையில் நான் சென்ற இடம்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை, ‘நான் எங்கும் செல்லவில்லை’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. “பொய் சொல்லாம எழுதிருச்சுண்ணே. அதுதான் மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு” என்றார்.

அங்கே இருந்த யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அதே கட்டுரைதான்.

எங்கே போகலாம் என்ற பேச்சு எழுந்தது. “பூலாவ் பெசார் போவோம். உம்பாய்க் கரையில நின்னா கண்ணுக்குத் தெரியுது. அஞ்சுங் பத்துல படகு ஏறினா கொஞ்ச நேரந்தான்” என்றார் ஒருவர். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பெண்மணி, “காலையில போயி சாயங்காலம் வந்தா, வந்து சோறாக்கணும். அது லீவா?” என்று கேட்டார். ராத்தங்கலாக, மூன்று நாள் போவது என்று முடிவாயிற்று. பேராக் மாநிலத்துப் பங்கோர் தீவைத் தேர்ந்தெடுத்தோம். கடலும் உண்டு, பாட்டிமார் கும்பிட அங்கே காளியம்மன் கோயிலும் உண்டு. மாசி மகத்துக்கு ஏராளமான மக்கள் கூடுகிற ஊர் அது.

காசுக்கு என்ன செய்வது? உடனே ஒருவர், “கூட்டுப் பிடிப்போம்” என்றார். வேண்டாம் என்று தடுத்தோம். கூட்டுப் பிடிப்பதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிடித்தவர் ஓடிவிட்டால் போலீசுக்குப் போகவும் நமக்கு முகம் இராது. அதனால் அவரவர் பணத்தை அவரவர் பெயரிலேயே வங்கியில் போடுவது என்று ஏற்பாடு செய்தோம். குடும்பத்துக்கு மாதம் 60 வெள்ளி, பத்து மாதம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். போடாதவரை யாரும் ஏசக்கூடாது, ஆனால் ஏன் போடவில்லை என்று கேட்கலாம்.

இது ஒன்றும் புதுமையில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியே தொழிலாளர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய இனம், அறுபது வெள்ளியில் மூன்று நாள் ஓய்வு வாங்க முடியாதா?

அடுத்தது லீவு. இங்கேதான் நம்மவர் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பள லீவு உண்டு. 2 ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் இருப்பவருக்கு 12 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். வார ஓய்வு நாளும், ஆண்டுக்கு 11 நாள் பொது விடுமுறையும் இதற்கு வெளியே. கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் கூடுதலானதுதான் செல்லும்.

“நான் குலைக் கணக்குக்கு வெட்டுறவன், எனக்கு ஏது சம்பள லீவு?” என்று கேட்பவர் உண்டு. உங்களுக்கும் உண்டு. முந்திய சம்பள மாதத்தில் நீங்கள் எடுத்த சம்பளத்தை, வேலை செய்த நாட்களால் வகுத்தால் வருவது உங்கள் ஒரு நாள் சம்பளம். ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. லீவு நாளுக்கு அந்தச் சம்பளம் வர வேண்டும். பக்கத்து நிரையில் வேலை செய்கிற வங்காளதேசத்துத் தம்பிக்கும், இந்தோனேசியத் தோழருக்கும் இதே சட்டம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல், ஆண்டின் வேலை நாட்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் மட்டம் போட்டால் அந்த ஆண்டு லீவு உரிமை போய்விடும். சேர்ந்த லீவை அடுத்த 12 மாதத்துக்குள் எடுக்காவிட்டாலும் போய்விடும். முதலாளி கேட்டு, எடுக்காமல் இருக்க நாம் எழுத்தில் சம்மதித்திருந்தால்தான் அதற்குப் பணம் உண்டு.

‘எழுத்தில்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள். நமக்கே நடந்த கதை ஒன்று. சங்க வேலைக்கு வருமுன் நாமும் பழம் வெட்டியவர்தாம். ஒரு தைப்பூசத்துக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்று மண்டோரிடம் வாயால் சொன்னோம். அவரும் தலையாட்டினார். சம்பளச் சீட்டு வந்தபோது பார்த்தால், செக்ரோலில் இரண்டு நாளும் வரவில்லை என்று விழுந்திருந்தது. கேட்டதற்கு, “எழுதிக் கொடுத்தியா?” என்ற ஒரு கேள்விதான் வந்தது. அந்தத் தோட்டத்தின் பெயர் இப்போது எதற்கு? பாடம்தான் வேண்டும். இம்முறை இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாரும் எழுதிக் கொடுத்து, ஆபீசில் கையெழுத்து வாங்கிய நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். வெள்ளி இரவு புறப்பட்டு, திங்கள் இரவு திரும்பினோம். ஞாயிறு ஓய்வு நாள் என்பதால் செலவான லீவு இரண்டே நாள்.

ஜாசின், செர்காம், மெர்லிமாவ் பக்கத்துக் குடும்பங்கள் பதினொன்று. பாதிப்பேர் தோட்டத்தில் இருப்பவர்கள், மீதிப்பேர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோய் ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள். பிள்ளைகளோடு 43 பேர், ஒரு பஸ். விடியற்காலை லூமுட் போய்ச் சேர்ந்து, முதல் ஃபெர்ரியைப் பிடித்தோம். கடற்படைத் தளத்துக் கப்பல்களைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள்.

நம்மோடு வந்த பாட்டி ஒருவருக்கு வயது எழுபதுக்கு மேல். ஃபெர்ரியின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “எங்கப்பாருக்குத் தீவுன்னாலே ஆகாதுய்யா” என்றார். அவர் தகப்பனார் கப்பலில் பினாங்குக்கு வந்தவர். அந்தக் காலத்தில் பினாங்கில் வந்திறங்கிய நம் தொழிலாளர்களை ஊருக்குள் விடுமுன் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் வைத்திருப்பார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டத்துக்கு அனுப்புவார்கள். அதே தீவில் 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையும் இருந்தது. “அங்க அடைச்சு வெச்சதைச் சாகிற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு. அதனால நாங்களும் கடல் பக்கம் போனதில்ல. செர்காம்லதான் இருந்தோம், கடல் கூப்பிடு தூரந்தான்” என்றார் பாட்டி.

எண்ணிப் பாருங்கள். நம் முன்னோரில் பலர் இந்த நாட்டில் முதலில் மிதித்த தீவு, ஆளை அடைத்து வைத்த தீவு. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று தம் சொந்தக் காசில், சம்பள லீவில், விளையாடுவதற்காக ஒரு தீவுக்குப் போகிறார்கள். சாதாரண சங்கதியா இது?

தீவில் இறங்கினதும் ரோஸ் நிற வேன்கள் நின்றன. அதில் ஏறிப் பாசிர் போகாக் போனோம். பாட்டி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அலை காலில் படும் வரைக்கும் போய், குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகு அவரைக் கரைக்குக் கூப்பிட்டுக் கொண்டுவரப் பெரும்பாடு பட்டோம்!

இனி நாம் செய்த தவறைச் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க அடுப்பும் அரிசியும் கையோடு கொண்டுபோயிருந்தோம். முதல் நாள் மாலை ஆண்கள் கடலில் கிடக்க, பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பூலாவ் பெசார் வேண்டாம் என்று சொன்ன அதே அக்காள், “அடுப்பு கடலைத் தாண்டி வந்திருச்சு. நாங்க எங்க வந்தோம்?” என்றார். சுருக்கென்று தைத்தது. தொழிலாளர் உரிமை என்று ஊர் ஊராகப் பேசுகிற நாமே, வீட்டுக்குள் இருக்கிற தொழிலாளியை மறந்துவிட்டோம். காலையில் நாலரைக்கு எழுந்து சோறாக்கி, வேலைக்காட்டுக்கும் போய் வருகிறவளுக்குத்தான் முதல் லீவு வேண்டும். மறுநாள் ஆண்கள் சமைத்தோம். சாம்பாரில் உப்பு தூக்கல்தான். ஆனாலும் குறை சொன்ன பெண் ஒருத்தியும் இல்லை. பாயை விரித்துச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

தெலுக் நீப்பாவில் மாலையில் இருவாய்ச்சிப் பறவைகள் ஆள் பயமில்லாமல் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கை. படகில் ஏறினபோது மட்டும் கண்டிப்பாக இருந்தோம். எங்கள் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர் மூன்றே பேர். மிதவைச் சட்டை போடாதவருக்குப் படகில் இடமில்லை, குடித்தவருக்குக் கடலிலேயே இடமில்லை என்பது புறப்படுமுன்பே போட்ட சட்டம். இரண்டையும் எல்லாரும் மதித்தார்கள்.

தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. பேராக்கின் ஈயத்தை வைத்துக் காக்க 1670இல் கட்டியது. “நம்ம மலாக்காவுல இருந்த அதே டச்சுக்காரனாப்பா?” என்று கேட்டாள், ‘எங்கும் செல்லவில்லை’ என்று எழுதிய அந்தப் பிள்ளை. அவனேதான். 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தவன். பிறகு 1874இல் இந்தப் பங்கோர் ஒப்பந்தத்தோடுதான் ஆங்கிலேயர் பேராக்கின் ஆட்சிக்குள் நுழைந்தார்கள். மலாய் மாநிலங்களில் ஆங்கிலேயர் கை ஓங்க ஓங்கத் தோட்டங்கள் பெருகின, தோட்டத்துக்கு ஆள் வேண்டி நம் பாட்டன்மார் கப்பல் ஏறினார்கள். புத்தகத்தில் படித்தால் மறந்துபோகிற பாடம், கல்லைத் தொட்டுப் பார்த்தால் மறப்பதில்லை.

கணக்கு இதுதான். சேர்ந்தது 6,600 வெள்ளி. பஸ்ஸுக்கு 3,000, தங்குவதற்கு 2,000, ஃபெர்ரி, வேன், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,500. மிச்சம் 100 வெள்ளி அடுத்த பயணத்துக்கு முன்பணமாக இருக்கிறது.

உங்கள் தோட்டத்திலும் செய்யலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரைத் தீவுகள் பக்கம் போகாதீர்கள், பருவமழையில் கடல் பொல்லாதது. அந்த மாதங்களில் பங்கோர் மாதிரி மேற்குக் கரைத் தீவுகளே ஏற்றவை. மூன்று நாள் முடியாதவர்கள் பூலாவ் பெசாரில் தொடங்குங்கள். முஸ்லிம் பெரியோர்களின் அடக்கத் தலங்கள் உள்ள தீவு அது. அந்த மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். எங்கே போனாலும் சமையலை ஆண்களும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கே ஆபீசுக்குப் போய், “என் லீவு எத்தனை நாள் பாக்கி?” என்று கேட்டு, அந்தக் கணக்கை எழுதி வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் உங்கள் தோட்டத்துச் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள். அது யாரும் போடுகிற பிச்சையில்லை. நாம் ஏற்கெனவே வேலை செய்து சம்பாதித்த நாட்கள்.

அந்தப் பிள்ளை மறுபடியும் கட்டுரை எழுதியிருக்கிறாளாம். மூன்று பக்கம். அதில் ஒரு பக்கம் பூராவும் அப்பா வைத்த சாம்பாரைப் பற்றித்தானாம்!