இலேசான மோட்டாரும் வீட்டுப் பட்டறையும்

திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ சென்னைக்குக் காரில் பிரயாணம் செய்கிறவர்கள் வண்டலூரை நெருங்கும்போது, அங்குள்ள மிருகக்காட்சி சாலையை நினைக்கிறார்களே தவிர, ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை நடந்துவந்தது என்பதையும், இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டு என்னும் சிறு கார் 1961-ம் ஆண்டு முதல் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற நாமத்தோடு அங்கே உற்பத்தியாயிற்று என்பதையும் நினைக்கிறவர்கள் அபூர்வம். அந்த ஹெரால்டின் சேஸிஸையே நீளம் குறைத்து, இருவர் மட்டும் உட்காரும்படியான திறந்த பாடியை அதன்மேல் பொருத்தி, 1962-ல் டிரயம்ப் கம்பெனியார் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் உருவம் வகுத்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியரே. ஆகையால், ஏழெட்டு நூறு கிலோவுக்குள் அடங்கும் ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே பேணும் வித்தையைக் கற்க விரும்புகிறவர், தாத்தா காலத்து ஹெரால்டு ஒன்று கொட்டகையில் நின்றால், சீமைக் காருக்கு ஏங்க வேண்டியதில்லை. சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த நாட்களில் ஹெரால்டுகளும் அங்கே ஓடியவைதான்.

இந்தக் காரை வகுத்தவர்கள் சொந்தக்காரனின் கையை மனத்தில் வைத்தே வகுத்தார்கள் என்று தோன்றுகிறது. பானெட்டும் இரு பக்கத்து மட்கார்டுகளும் ஒரே துண்டாக, முதலை வாயைப் பிளந்தாற்போல் முன்னோக்கிச் சாய்ந்துகொள்ள, முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின், ஸ்டியரிங், ஸ்பிரிங் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். இக்காலத்துக் கார்களில் ஒரு பல்பை மாற்றுவதற்கே பம்பரைக் கழற்றச் சொல்லுகிறார்கள்.

948 சி.சி. கொள்ளளவுள்ள ஹெரால்டு எஞ்சினுக்கு முதலில் பார்க்க வேண்டியது டேப்பட் இடைவெளி. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும் விடியற்காலையில், வால்வுகளை முன்னிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொண்டு, எந்த வால்வு முழுதும் அமுங்கித் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்து, மிஞ்சிய எண்ணுக்குரிய வால்வில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து, 0.010 அங்குலம், அதாவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு இருக்கும்படி திருகாணியைத் திருப்பிப் பூட்ட வேண்டும். தகடு தொளதொளவென்று போய்வரக் கூடாது. லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால், பிஸ்கட் நிறமாயிருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் சேருகின்றன என்றும், கரிபடிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் என்றும், வெளுத்திருந்தால் குறைவு என்றும் அறியலாம். வெளுத்த பிளக்கோடு அக்கினி நட்சத்திரத்தில் நெடுஞ்சாலையில் விரைவது எஞ்சினுக்கு ஆபத்து.

ஆனால் உயிர்நாடியான விஷயம் எஞ்சினில் இல்லை, முன்சக்கரத்தின் அடியில் இருக்கிறது. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தூணின் கீழ்முனை மரையாகக் கடையப்பட்டு, டிரனியன் என்கிற பித்தளைக் கட்டிக்குள் திருகப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் பித்தளைக்குள் திரும்புகிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் பெட்டிக்கு ஊற்றுகிற 90-ம் நம்பர் ஆயில். நம் பட்டறைப் பையன்களோ துவாரத்தைக் கண்டவுடன் கிரீஸ் அடிக்கிற பழக்கமுள்ளவர்கள். அந்தக் கிரீஸ் நாளடைவில் இறுகி வழியை அடைத்துக்கொள்ள, மழைநீர் உள்ளே புகுந்து, இரும்பு மரை துருவேறி மெலிந்து, ஒருநாள் சக்கரம் மடங்கி வண்டி முழங்காலிட்டுவிடும். மரக்காணத்து உப்பளப் பக்கம் அடிக்கடி போய்வருகிறவர்கள் இதில் இரட்டிப்பு ஜாக்கிரதை காட்ட வேண்டும். டிரனியனில் உள்ள அடைப்பைக் கழற்றி, நிப்பிளைப் பொருத்தி, ஆயில் நிரப்பிய கன்னால் புது எண்ணெய் மேல் விளிம்பில் கசியும்வரை அடித்துவிட்டு, அடைப்பைத் திரும்பப் போட்டுவிட வேண்டியதுதான்.

பின்பக்கத்தில் வேறொரு சுபாவம் உண்டு. பின்சக்கரங்கள் டிஃபரன்ஷியலை மையமாகக் கொண்டு கதவுபோல் மேலும் கீழும் ஆடுகிறபடியால், வளைவில் வேகமாகப் புகுந்து திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி வால் வீசிவிடும். மேடுபள்ளத்துக்குப் பயந்து ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்துப் பின்பக்கத்தை உயர்த்துகிறவர்கள் இந்தக் கெட்ட குணத்தை வளர்க்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். உயரத்தை உள்ளபடி விட்டு, பின் டயர்களில் முன் டயர்களைக் காட்டிலும் நாலைந்து பவுண்டு காற்று அதிகம் வைப்பது நலம்.

வீல் அலைன்மென்ட்டுக்கு யந்திரம் வைத்திருக்கிற கடை வேண்டும் என்பதும் இல்லை. சமதரையில் ஸ்டியரிங்கை நேராக்கி நிறுத்தி, கொத்தனார் நூலை வண்டியின் இருபுறமும் அச்சின் உயரத்தில் ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டி, நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை எஃகு ஸ்கேலால் அளந்தால், சக்கரங்கள் முன்னே எத்தனை குவிந்திருக்கின்றன என்பது புலப்படும். ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் குவிந்திருந்தால் போதும்.

இத்தனையும் செய்யாமல் குதிரைசக்தியைக் கூட்டப் பணம் செலவழிப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது! லோட்டஸ் கம்பெனியை ஸ்தாபித்த காலின் சாப்மன், 1957-ல் லோட்டஸ் செவன் என்ற காரை ஏறக்குறைய அரை டன் எடையில் வெளியிட்டபோது, பெரிய எஞ்சினைத் தேடவில்லை, பாரத்தைக் குறைத்தார். பாரம் குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் வேலை சேர்ந்தாற்போல் குறைகிறது, எஞ்சினைப் பெரிதாக்கினாலோ அத்தனைக்கும் வேலை கூடுகிறது. வேகத்தைப் பரீட்சித்தே தீர வேண்டுமென்றால், விக்கிரவாண்டிச் சாலையில் பஸ்களோடு போட்டியிடாமல், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் அனுமதி கிடைக்கும் நாளில் போகலாம்.

தற்காலத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் இருபது சதவீதம்வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்கள் ஊறி வெடிக்கின்றன; நெடுநாள் நிற்கிற வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்து டாங்கியின் அடியில் தண்ணீர் தேங்கச் செய்கிறது. ஆகவே டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரையிலுள்ள குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் டாங்கியை ஒருமுறை வடித்துச் சுத்தம் செய்து, வாரத்துக்கு ஒருநாளாவது திண்டிவனத்திலிருந்து செஞ்சிவரை ஓட்டிவிட்டு வருவது உத்தமம்.