பேய் வீடு படங்கள்: நடுங்கியது ரசிகர்கள் அல்ல, அக்கம்பக்கத்தார்!

ஒரே ஒரு வீடு. அதைக் காட்டி எடுத்த படங்களோ டஜன் கணக்கில்! முதல் படம் கோடி கோடியாக அள்ளியது. கடைசியில் ஒரு படம் அமெரிக்கத் தியேட்டர்களில் மொத்தமாக வசூலித்த தொகை வெறும் 742 டாலர்!

"பேய் வருது, பேய் வருது" என்று ஆசை காட்டி ரசிகர்களை உட்கார வைத்து, கடைசியில் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிய அந்தப் படங்களின் கதை விசித்திரமானது. அந்த வீட்டில் நிஜமாகவே நடந்த பயங்கரம், எந்தப் படத்திலும் ஒழுங்காக வரவில்லை என்பதுதான் அதைவிட விசித்திரம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் இருந்து சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில், லாங் ஐலண்ட் தீவில் இருக்கிறது அமிட்டிவில் என்ற ஊர். கடலை ஒட்டிய அமைதியான ஊர். அங்கே ஓஷன் அவென்யூ என்ற தெருவில், 112-ம் எண் வீடு. மூன்று அடுக்கு மர வீடு. பின்னால் கால்வாய், படகு நிறுத்த ஒரு கொட்டகை. உச்சியில் இரண்டு ஜன்னல்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும்.

1965-ம் ஆண்டு அந்த வீட்டுக்குக் குடிவந்தது டிபியோ குடும்பம். வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். "ஹை ஹோப்ஸ்" என்று அதில் எழுதி இருந்தது. "பெரிய நம்பிக்கைகள்" என்று அர்த்தம். பாவம், அந்த நம்பிக்கை 9 ஆண்டுதான் நிலைத்தது!

6 பேர் கொலை

1974-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி. விடியற்காலை 3 மணி சுமாருக்கு ஊரே தூங்கிக்கொண்டு இருந்தது. அப்போது அந்த வீட்டின் மூத்த மகன் ரொனால்டு டிபியோ துப்பாக்கியை எடுத்தான். அவனுக்கு வயது 23.

பெற்ற தகப்பனைச் சுட்டான். தாயைச் சுட்டான். அடுத்தடுத்த அறைகளுக்குப் போய்த் தங்கைகள் இருவரையும், தம்பிகள் இருவரையும் சுட்டான். தங்கைகளுக்கு வயது 18, 13. தம்பிகளுக்கு வயது 12, 9. ஆறு பேரும் அவரவர் படுக்கையிலேயே பிணமானார்கள்.

துப்பாக்கிச் சத்தம் அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நாய் குரைத்தது மட்டும்தான் கேட்டதாம்.

கொலைகாரன் குளித்து, உடை மாற்றிக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல் வேலைக்குப் போனான். மாலையில் பக்கத்தில் இருந்த மதுக்கடைக்குள் ஓடிவந்து, "அப்பாவையும் அம்மாவையும் யாரோ சுட்டு விட்டார்கள்" என்று கூப்பாடு போட்டான். மறுநாளே உண்மை வெளிவந்தது. போலீசாரிடம் அவனே ஒப்புக்கொண்டான்.

கோர்ட்டில், "காதில் குரல் கேட்டது, அதனால்தான் சுட்டேன்" என்றான். ஜூரர்கள் அதை நம்பவில்லை. 1975-ம் ஆண்டு நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு ஆனது. அதன்பிறகு ஆயுளுக்கும் அவன் ஜெயிலை விட்டு வெளியே வரவில்லை. 2021-ம் ஆண்டு மார்ச் மாதம், 69-வது வயதில் கைதியாகவே செத்தான்.

தகப்பனுக்கும் மகனுக்கும் ஓயாத சண்டை, வீட்டுக்குள் அடிதடி, மகனுக்குப் போதைப் பழக்கம் எல்லாம் விசாரணையில் வெளிவந்தன. பேய், பிசாசு எதுவும் அதில் இல்லை.

28 நாள்

ஆறு உயிர் போன வீட்டை யார் வாங்குவார்கள்? விலையைக் குறைத்தார்கள். 80 ஆயிரம் டாலருக்கு வாங்கினார் ஜார்ஜ் லட்ஸ் என்பவர். மனைவி கேத்தி, மூன்று குழந்தைகளோடு 1975-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி குடிபுகுந்தார். செத்தவர்களின் மேஜை, கட்டில் எல்லாமே வீட்டோடு வந்தன.

28-வது நாள் வீட்டைக் காலி செய்து கிளம்பி விட்டார்கள்.

"குளிர்காலத்தில் ஈ மொய்த்தது. சுவரில் பச்சை நிறத்தில் ஏதோ வழிந்தது. தினமும் நடுராத்திரி 3-15 மணிக்குத் தூக்கம் கலைந்தது. வீட்டை மந்திரிக்க வந்த பாதிரியாரை 'வெளியே போ' என்று ஒரு குரல் விரட்டியது. ஜன்னலுக்கு வெளியே பன்றிபோல் ஒன்று சிவந்த கண்ணோடு நின்றது." - இப்படி அடுக்கிக்கொண்டே போனார்கள்.

அவர்கள் டேப்பில் பேசிக்கொடுத்ததை வைத்து ஜே ஆன்சன் என்ற எழுத்தாளர் புத்தகம் எழுதினார். 1977-ல் வெளிவந்தது. அட்டையிலேயே "உண்மைக் கதை" என்று போட்டார்கள். சும்மா விடுவார்களா மக்கள்? லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது.

பனியே இல்லை!

புத்தகத்தை வைத்துக்கொண்டு சிலர் துருவ ஆரம்பித்தார்கள். பனியில் பிளந்த குளம்பின் தடம் பதிந்து இருந்ததாக எழுதி இருந்தது. வானிலை ஆபீஸ் கணக்கைப் பார்த்தால், அந்த நாளில் அங்கே தடம் பதியும் அளவுக்குப் பனியே இல்லை! கதவு பிய்த்து எறியப்பட்டதாகச் சொன்னார்கள். அடுத்து வந்தவர்கள் பார்த்தபோது பழைய கதவு, பழைய பூட்டு, பழைய கீல் எல்லாம் அப்படியே இருந்தன.

1979-ல் கொலைகாரனின் வக்கீல் வில்லியம் வெபரே வாய் திறந்தார். லட்ஸ் தம்பதியும் தானும் உட்கார்ந்து, பாட்டில் பாட்டிலாக ஒயின் குடித்தபடி ஜோடித்த கதை இது என்று போட்டு உடைத்தார். விவகாரம் கோர்ட்டுக்கும் போனது. பெரும்பாலும் கற்பனை என்றே தோன்றுவதாக நீதிபதியும் சொன்னார். லட்ஸ் தம்பதியோ, "பொய் கண்டறியும் சோதனையில் தேறி விட்டோம்" என்று கடைசிவரை சாதித்தார்கள்.

பலே நட்சத்திரங்கள்!

அதே 1979-ம் ஆண்டு ஜூலையில் படம் வந்தது. "தி அமிட்டிவில் ஹாரர்." டைரக்டர் ஸ்டூவர்ட் ரோசன்பர்க். பால் நியூமன் நடித்த "கூல் ஹேண்ட் லூக்" படத்தை எடுத்தவர். கதாநாயகன் ஜேம்ஸ் பிரோலின். கதாநாயகி, "சூப்பர்மேன்" படத்தில் சூப்பர்மேனின் காதலியாக வந்த மார்கட் கிடர். பாதிரியாராக ஆஸ்கார் பரிசு பெற்ற ராட் ஸ்டீகர். இசை லாலோ ஷிப்ரின். அந்த இசைக்கு ஆஸ்கார் சிபாரிசுகூடக் கிடைத்தது.

ஆள் பலத்துக்குக் குறைவே இல்லை. செலவு 47 லட்சம் டாலர். அமெரிக்காவில் வசூல் 8 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல்!

ஆனால் படம்? ராஜர் ஈபர்ட் உள்பட விமர்சகர்கள் பிய்த்து எடுத்து விட்டார்கள். ஈ மொய்க்கும். கதவு சாத்தும். கதாநாயகன் விறகு வெட்டுவார், உடம்பு சரியில்லை என்பார், மறுபடி விறகு வெட்டுவார். பாதிரியார் கத்துவார். இதோ வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், ஒன்றும் வராது. கடைசியில் மழையில் நனைந்துகொண்டு குடும்பம் ஓடும். அவ்வளவுதான். படம் முடிந்தது!

இன்னொரு வேடிக்கை. படப்பிடிப்புக்கு அமிட்டிவில் ஊரார் அனுமதி கொடுக்கவில்லை. அதனால் நியூஜெர்சியில் டாம்ஸ் ரிவர் என்ற ஊரில் வேறு ஒரு வீட்டைப் பிடித்து, அதற்குக் "கண் ஜன்னல்" மாட்டிப் படம் பிடித்தார்கள். பேயும் இல்லை, பேய் வீடும் இல்லை!

பில்தான் பேய்!

ஆனாலும் கூட்டம் ஏன் அலைமோதியது? பேய்க் கதை மன்னன் ஸ்டீபன் கிங் 1981-ல் எழுதிய புத்தகம் ஒன்றில் இதற்கு ஒரு காரணம் சொன்னார்.

இந்தப் படத்தில் பயமுறுத்துவது பேய் அல்ல, கடன்! தலைக்கு மேல் கடன் வாங்கி வீடு வாங்குகிறான் ஒருவன். கதவு உடைகிறது, ஜன்னல் உடைகிறது, சுவர் நாசமாகிறது. மைத்துனன் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் காணாமல் போகிறது. தொழில் படுக்கிறது. பார்க்கிற ஒவ்வொரு குடும்பத் தலைவனுக்கும், "ஐயோ, இதை ரிப்பேர் செய்ய எவ்வளவு ஆகுமோ" என்று வயிறு கலங்குகிறது.

விலைவாசி ஏறிக் கிடந்த காலம் அது. மாதத் தவணை கட்டுகிற எவருக்கும் அது நன்றாகவே புரிந்தது. ஆனால் படம் எடுத்தவர்களுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. கைக்குள் இருந்த நல்ல கதையை விட்டு விட்டு ஈயை நம்பினார்கள்!

விளக்குப் பேய், கடிகாரப் பேய்

பணம் வந்த பிறகு நிறுத்துவார்களா? 1982-ல் இரண்டாம் படம். இதில் கொலையான குடும்பத்தையே கதையாக்கினார்கள். பெயரை மட்டும் "மாண்டெல்லி" என்று மாற்றினார்கள். அதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தகாத உறவு இருந்ததாக ஒரு காட்சி! பெயர் மாறினாலும் யார் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் சுடப்பட்டுச் செத்த 18 வயதுப் பெண் எழுந்து வந்து மறுத்துப் பேச முடியுமா?

1983-ல் கண்ணாடி போட்டுப் பார்க்கும் முப்பரிமாணப் படம் வந்தது. அதுவும் எடுபடவில்லை.

அதற்குமேல் வீட்டை வைத்துக் கதை பண்ண முடியவில்லை. 1989-ல் அந்த வீட்டு விளக்கில் பேய் என்றார்கள். 1992-ல் கடிகாரத்தில் பேய். 1993-ல் முகம் பார்க்கும் கண்ணாடியில் பேய். 1996-ல் பொம்மை வீட்டில் பேய்! பாத்திரம் பண்டத்தைத்தான் பாக்கி வைத்தார்கள்.

2005-ல் முதல் படத்தையே புதுசாக எடுத்தார்கள். கதாநாயகன் ரையான் ரெனால்ட்ஸ். உலகம் முழுவதும் சுமார் 10 கோடியே 80 லட்சம் டாலர் வசூல். அதில் கதாநாயகன் கோடரியால் நாயைக் கொல்கிறான். இதைப் பார்த்து ஜார்ஜ் லட்ஸே கொதித்துப் போனார். அளந்து விட்டவர் என்று பெயர் வாங்கியவருக்கே பொறுக்காத அளவுக்குக் கதை அளந்தார்கள்! அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

2017-ல் வந்தது, 742 டாலர் வசூலித்த அந்தப் படம். பல தடவை தள்ளிப் போட்டு, முதலில் இன்டர்நெட்டில் இலவசமாகவே காட்டி விட்டு, அப்புறம் தியேட்டரில் போட்டார்கள். யார் வருவார்கள்?

ஊர்ப் பெயருக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது அல்லவா? அதனால் "அமிட்டிவில்" என்று பெயர் வைத்துச் சில்லறைப் படங்கள் புற்றீசலாகக் கிளம்பின. 2022-ல் அந்த வீட்டை விண்வெளிக்கே அனுப்பி விட்டார்கள்!

மனிதப் பேய்கள்

நிஜ வீடு என்ன ஆனது?

லட்ஸ் குடும்பம் போன பிறகு, 1977-ல் ஒரு தம்பதி அதை 55 ஆயிரம் டாலருக்கு வாங்கினார்கள். பேய் வரவில்லை. ஈ வரவில்லை. சுவரில் எதுவும் வழியவில்லை. வந்தது ஜனக்கூட்டம்!

புத்தகம் படித்தவர்களும் படம் பார்த்தவர்களும் காரில் வந்து இறங்கினார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் வாசலில் நின்றார்கள். புல்தரையில் ஏறிப் படம் எடுத்தார்கள். பக்கத்து வீட்டாருக்கும் தூக்கம் போயிற்று. புத்தகத்தையும் படத்தையும் பார்த்து விட்டு வருகிற கூட்டத்தைத் தவிர வேறு எந்தத் தொல்லையும் இல்லை என்றார் வீட்டுக்காரர். கோர்ட்டுக்கும் போனார்கள்.

பிற்பாடு "கண் ஜன்னல்"களை எடுத்து விட்டுச் சாதாரண ஜன்னல் வைத்தார்கள். 112 என்ற எண்ணை 108 என்று மாற்றினார்கள். அதன்பிறகும் பல கை மாறி விட்டது அந்த வீடு. 2017-ல் 6 லட்சத்து 5 ஆயிரம் டாலருக்கு விற்றது. குடியிருந்தவர்கள் யாரும் பேயைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

நல்ல பேய்ப் படம் எடுக்கவே முடியாது என்பது அல்ல. 1963-ல் ராபர்ட் வைஸ் எடுத்த "தி ஹாண்டிங்" படத்தில் கடைசிவரை பேய் கண்ணிலேயே படாது. கதவுக்கு வெளியே தட்டும் சத்தம்தான். ஆனாலும் நெஞ்சு படபடக்கும். காரணம், அந்த வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணின் மனசை டைரக்டர் காட்டி இருந்தார்.

அமிட்டிவில் படங்கள் சுவரைக் காட்டின, ஜன்னலைக் காட்டின, விளக்கைக் காட்டின. ஒரே கூரையின் கீழ் தகப்பனும் மகனும் எதிரிகளாக வாழ்ந்ததையும், ஒரு நாள் அது வெடித்துச் சிதறியதையும் ஒழுங்காகக் காட்டவில்லை. பயம் இருந்தது அங்கேதான். பழியைப் பேய்மேல் போட்டு விட்டால், யாரும் எதுவும் யோசிக்க வேண்டியது இல்லை பாருங்கள்!

9 வயதில் செத்த அந்தச் சின்னப் பையன் உயிரோடு இருந்திருந்தால், இன்று கிட்டத்தட்ட 60 வயது ஆகி இருக்கும். பேரன், பேத்தி எடுத்திருப்பான். அவன் தூங்கிய வீட்டைக் காட்டி இன்னமும் டிக்கெட் விற்கிறார்கள்.